பியூலா என்று கூப்பிட ஆகும் நேரம்

கிங்ஸ்லிக்குத் திக்குவாய். அதனால் அவனோடு சண்டை போடுவதென்றால் நிறைய நேரம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. எதிரே இருப்பவர் "அதாவது மேடம்..." என்று இழுத்தால் மிச்சத்தை நானே சொல்லி முடித்து, அதற்குப் பதிலும் சொல்லி, எழுந்தும் போய்விடுவேன். "உன் பக்கத்துல உக்காந்து சாப்பிடவே பயமா இருக்குடி தில்லை, என் வாயில இருக்கறதையும் நீயே மென்னுடுவ" என்பாள் என் அக்கா. ஆனால் கிங்ஸ்லியிடம் மட்டும் நான் குறுக்கே பாய்ந்ததில்லை. பாசமெல்லாம் ஒன்றும் இல்லை. அவன் வாதம் முழுசாக வெளியே வந்தால்தானே முழுசாக உடைக்க முடியும்? பாதி வாதத்தை உடைத்து என்ன பிரயோசனம்?

நாகர்கோவிலில் நானும் அவனும் கணினி நிரல் எழுதும் அலுவலகத்துக்கு எதிரே சுயம்புவின் டீக்கடை. பதினேழு வருஷமாக எங்கள் போர்க்களம் அதுதான். சண்டை எப்போதும் ஒரே விஷயத்துக்கு: கெர்னல். ஒரு கருவிக்குள் ஓடும் எல்லா நிரல்களையும் கட்டி மேய்க்கிற அடிப்படை நிரலுக்கு அப்படிப் பெயர். அதைப் பெரிதாக எழுதுவதா, சிறிதாக எழுதுவதா?

சுயம்பு ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார். "ரெண்டு பேரும் எதுக்கு இந்த அடி அடிக்கிய? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்க."

"வீட்டுச் சண்டைதான்" என்றேன். "இவனுக்குக் கூட்டுக் குடும்பம் வேணும். எல்லா நிரலும் ஒரே வீட்டுல, ஒரே அடுப்புல. வேலை சீக்கிரம் நடக்கும். ஆனா ஒருத்தன் புத்தி கெட்டுப்போய் அடுப்பை உதைச்சா வீடே எரிஞ்சிடும். நான் தனிக்குடித்தனம்ங்கிறேன். எல்லாருக்கும் தனித்தனி அறை, தனித்தனிப் பூட்டு. நடுவுல கெர்னல், ஒரே ஒரு காவல்காரன். அவன் அப்பப்போ கதவைத் தட்டி 'இருக்கியா'ன்னு கேப்பான். பதில் வரலைன்னா உள்ள இருக்கிறவன் செத்துட்டான்னு வெளிய தூக்கிப் போட்டுட்டு, அதே மாதிரி புது ஆளை உள்ள விடுவான். பக்கத்து அறைக்குத் தெரியவே தெரியாது. திருடன் புகுந்தாலும் ஒரு அறையோட போச்சு."

"மறுபிறவில்லா இது!" என்றார் சுயம்பு. அந்தப் பெயர் எங்களுக்குப் பிடித்துப்போய் அலுவலகத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

கிங்ஸ்லி டம்ளரைக் கீழே வைத்தான். "க... க... க..." காத்திருந்தேன். "கதவுக்கு வெளிய நிக்கவனுக்கு, உள்ள இருக்கவன் செத்துட்டானா, யோ... யோ... யோசிச்சிட்டு இருக்கானான்னு எப்படித் தெரியும்? ரெண்டு பேரும்தான் பதில் சொல்ல மாட்டான். கூட்டுக் குடும்பத்துல பக்கத்துல படுத்திருக்கவன் மூ... மூச்சாவது கேக்கும்."

"அதுக்குத்தான் ரெண்டு விநாடி கெடு. அதுக்குள்ள பதில் சொல்லாதவன் செத்தவன்தான்."

"ந... நல்லா இருக்கு உன் நியாயம்."

சுயம்பு சிரித்தார். "தில்லைக்கா யாரு பேசுனாலும் வாய்க்குள்ள கைய விட்டு வார்த்தையப் புடுங்கிருவாவ. சாரு பேசுனா மட்டும் உம் கொட்டிட்டு இருக்காவ."

"வாதம் முடியட்டும்னு பார்க்கிறேன், அவ்வளவுதான்" என்றேன்.

கடைசியில் வென்றது என் கெர்னல். 'பாலம்' என்ற கருவிக்கு நிறுவனம் அதைத்தான் எடுத்துக்கொண்டது. பக்கவாதத்தில் பேச்சும் விழுங்கும் திறனும் போனவர்களுக்குக் காதின் பின்பக்கம் எலும்புக்குள் வைக்கிற மின்னணுச் சில்லு அது. மூளை சொல்ல நினைப்பதை வாங்கித் தொண்டைக்கும் நாக்குக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். பேச்சுக்கு ஒரு நிரல், விழுங்குவதற்கு ஒரு நிரல், நடுவில் என் காவல்காரன். பேச்சு நிரல் தொண்டையைப் பிடித்தபடி நின்றுபோனால் வாயில் இருக்கும் சோறு மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். இரண்டு விநாடிக் கெடு அதற்காகத்தான்.

அந்த எண்ணைச் சும்மா வைக்கவில்லை. வானொலி அறிவிப்பாளர்கள், பேராசிரியர்கள், பட்டிமன்றப் பேச்சாளர்கள் என்று நல்ல வாய்க்காரர்களாகத் தேடிப் பிடித்து அவர்கள் பேச்சை அளந்தோம். ஒருவர்கூட அந்தக் கெடுவின் பக்கத்தில் வரவில்லை. பேச்சுக் கருவிக்குச் சோதனையென்றால் பேசத் தெரிந்தவர்களைத்தானே கூப்பிட வேண்டும்? அப்படித்தான் நினைத்தோம், அறிவாளிகள். அதே அறையில் இரண்டு மேசை தள்ளிக் கிங்ஸ்லி உட்கார்ந்திருந்தான்.

அடுத்த ஐப்பசியில் அவனுக்கே பக்கவாதம் வந்தது. அவர்கள் சபையில் அசன விருந்து. பந்தியில் சாம்பார் வாளியோடு போனவன் ஓர் இலைக்கு முன்னால் அப்படியே சரிந்திருக்கிறான். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது, விழுங்க முடியாமல் மூக்கில் குழாய். நெஞ்சில் சளி கட்டி இரண்டு முறை பிழைத்து வந்தான். மூன்றாவது முறை தாங்காது என்றார் டாக்டர். பாலத்தை வைத்தார்கள். என் கெர்னல் அவன் தலைக்குள் போனது.

முதல்முறை கருவியை இயக்கியபோது நானும் ஆஸ்பத்திரியில் இருந்தேன். "தண்ணி" என்றான். பிறகு, "வெளிச்சம் கூசுது. ஜன்னலச் சாத்துங்க" என்றான். ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. நர்ஸ்கள் கைதட்டினார்கள். எங்கள் மேலாளர் போனிலேயே துள்ளினார்: "மேடம், திக்குவாய்க்கும் இதையே கொடுக்கலாம் போலிருக்கே!" எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிங்ஸ்லி மட்டும் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அசதி என்று நினைத்தேன்.

அவன் வீட்டுக்குப் போய்ச் சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்த கையோடு பியூலா என் வீட்டுக்கு வந்தாள். கிங்ஸ்லியின் மனைவி. கோர்ட்டில் வக்கீல். வீட்டிலும் வக்கீல்தான்.

"தில்லைக்கா, ஒரு கேள்வி. ஆமா, இல்லன்னு சொன்னாப் போதும். அந்தக் கருவி மனசுல உள்ள பாசத்த மாத்துமா?"

"என்ன உளர்ற?"

"ஆமாவா, இல்லையா?"

"இல்லை."

"அப்பம் அவியளுக்கே என்னப் பிடிக்காமப் போச்சு" என்றாள். "வீட்டுக்கு வந்ததுல இருந்து ஒரு தடவகூட என் பேரச் சொல்லல. 'இந்தா'ங்காவ, 'இங்க வா'ங்காவ. நல்லாத்தான் பேசுதாவ. என் பேரு மட்டும் வரல."

"அட, பேர்ல என்ன இருக்கு?"

"உங்களுக்குத் தெரியாதுக்கா. உள்ளதுலயே அவியளுக்குக் கஷ்டமான வார்த்தை என் பேருதான். கல்யாணத்தன்னைக்கு 'பியூலாவாகிய உன்னை'ன்னு சொல்லி உறுதிமொழி எடுக்கணும். 'பி'லயே நின்னுட்டாவ. சபையே பாக்குது. எங்கப்பா இருமுதாவ. பாஸ்டர் குனிஞ்சு காதுல சொல்லுதாவ, 'பேர விட்டுட்டு உன்னைன்னு மட்டும் சொல்லு தம்பி, ஆண்டவருக்குத் தெரியும்'னு. இவிய மாட்டேன்னு தலையாட்டிட்டு, கோட்டு நனைய வேர்த்து, பேரச் சொல்லித்தான் தாலியக் கெட்டுனாவ. அதுக்கப்புறமும் ஒரு நாளு அந்தப் பேரச் சுருக்கினது இல்ல." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நேத்து டாக்டருட்ட கருவிய எடுத்துருங்கன்னு சொல்லிருக்காவ. எடுத்தா என்ன ஆகும்னு அவியளுக்குத் தெரியாதா?"

அன்றைக்கே அவளோடு கிளம்பிப் போனேன். கிங்ஸ்லியிடம் அனுமதி கேட்டுப் பாலத்தின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். என் காவல்காரன் பேச்சு நிரலுக்கு எத்தனை முறை மறுபிறவி கொடுத்தான் என்று அதில் இருக்கும். மற்ற யாருக்கும் மாதத்துக்கு ஒருமுறை வந்தாலே அதிகம். இவனுக்கு ஒரு நாளிலேயே நூற்றுக்கணக்கில் இருந்தது.

"மடையா! முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?"

"என்னத்தச் சொல்ல? உன்னோடது நல்லாத்தான் ஓடுது" என்றான் அமைதியாக, கொஞ்சமும் திக்காமல். "எனக்கு ஒரு வார்த்தை நின்னுச்சுன்னா அது நான் செத்துட்டேன்னு நெனைக்கு. தொண்டையத் தளத்தி விட்டுட்டுப் புது ஆள எழுப்புது. அவனுக்கு நான் என்ன சொல்ல வந்தேன்னு தெரியாது. முதல்ல இருந்து சொல்லணும். மறுபடி அதே எடம், மறுபடி சாவு. அதனால லேசான வார்த்தையா எடுத்துப் பேசுதேன். எல்லாரும் கைதட்டுதாவ. ஆனா பேசுதது நான் இல்ல."

"அதுக்காக எடுக்கச் சொல்றதா? செத்துப் போயிடுவடா!"

"இவளப் பேரு சொல்லிக் கூப்பிடாமப் பேசிட்டுக் கெடக்கதுக்கு, ஊமையா இருந்துட்டுப் போறேன்."

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவெல்லாம் இல்லை. "கெடுவைப் பத்து விநாடி ஆக்கிடறேன். இன்னைக்கே மாத்தறேன்" என்றேன்.

"வேண்டாம். நெசமாவே நின்னு போச்சுன்னா பத்து விநாடில சோறு உள்ள எறங்கிரும். ரெண்டுதான் சரி."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! "பதினேழு வருஷமா தப்பு தப்புன்னு என் உயிரை எடுத்துட்டு, இப்போ வந்து சரிங்கிறியா? அதுவும் நான் மாத்தறேன்னு சொல்லும்போது?"

சிரித்தான். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது. "எண்ணு சரி. கேள்விதான் தப்பு. வெளிய நிக்கவன் 'இருக்கியா'ன்னு கேக்கான். திக்குதவன் அதுக்கு எப்படிப் பதில் சொல்லுவான்? சொல்ல முடிஞ்சா அவன் ஏன் திக்குதான்?"

பியூலாவுக்குத் தன் அழுகையை அடக்க ஏதாவது பேசியாக வேண்டும். டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கோர்ட்டில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல ஆரம்பித்தாள். அண்ணன் தோட்டத்தில் பலா மரம், பழம் விழுவது தம்பி தோட்டத்தில், இரண்டு பேரும் வெட்டுக்குத்து வரைக்கும் போய்விட்டார்கள். கிங்ஸ்லி "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தான். இடையில் டீயை உறிஞ்சினான். கதை நின்றது.

"கேக்கியளா?"

"ம்."

கதை மறுபடி ஓடியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பியூலா, அவன் ம் சொல்லலைன்னா நீ ஏன் நிறுத்துற?"

"உம் கொட்டாம எப்படிக்கா கதை சொல்ல? சுவத்துட்டயா பேச?"

"முன்னாடி அவன் திக்கும்போது நீ என்ன பண்ணுவ?"

"நான் என்ன செய்ய? சும்மா இருப்பேன்."

"இல்ல" என்றான் கிங்ஸ்லி. "இவ ம், ம்னு சொல்லிட்டே இருப்பா. அந்த வார்த்தை வெளிய வாறது வர. அவளுக்கே அது தெரியாது."

"அவனுக்குச் சோறு அடைச்சுக்கிட்டாலும் ம் சொல்லுவியா?"

"நல்லாக் கேட்டிய! முதுகுல ரெண்டு போடுவேன்."

"அடைக்குதா, திக்குதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மொகத்தப் பாத்தாத் தெரியாதாக்கும்?" என்றாள் பியூலா, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

எழுந்து அந்த அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். கதவுக்கு வெளியே நிற்கிற காவல்காரனுக்கு, உள்ளே இருப்பவன் செத்தானா யோசிக்கிறானா என்று தெரியாது. ஆனால் எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்குத் தெரியும். அப்படியானால் அவளையே கேட்டுவிட்டால் என்ன? பாலத்துக்கு ஏற்கெனவே காது இருக்கிறது, ஒரு சின்ன மைக். எதிரிலிருந்து ஒரு 'ம்' வந்தால் இன்னும் இரண்டு விநாடி பொறுக்கட்டும். மறுபடி 'ம்' வந்தால் மறுபடி இரண்டு. 'ம்' நின்றுவிட்டால் பழைய சட்டம், உடனே மறுபிறவி. சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

கிங்ஸ்லியின் கண்ணில் பழைய டீக்கடை வெளிச்சம் வந்தது. "கொள்ளாம், நல்ல யோசனைதான். ஆனா டிவில எவனாவது உம் கொட்டுனா? வேண்டாதவன் எவனாவது எதிர்ல நின்னுட்டு வேணும்னே சொன்னா? பூட்டுன வீட்டுச் சாவிய வெளியாளுட்ட குடுக்கச் சொல்லுத. அதுவும் நீ!"

"உனக்கு வேண்டியவங்க குரல் மட்டும் செல்லும். அதை நீயே பதிஞ்சு வை. உள்ள யார் குரல் இருக்குன்னு எனக்குக்கூடத் தெரியக் கூடாது, கம்பெனிக்கும் தெரியக் கூடாது."

"சரி, அந்தக் காத எங்க வைப்ப? தனி அறையிலயா?"

அங்கேதான் என் மூக்கு உடைந்தது. தனி அறையில் வைத்தால் அந்தக் காதும் செத்துச் செத்துப் பிழைக்கும். அது சாகிற நேரத்தில் 'ம்' வந்தால் கேட்காது. "கெர்னலுக்குள்ளேயேதான் வைக்கணும்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கேலி செய்யாமல் விடுவானா? "கூ... கூ..." என்றான். கூட்டுக் குடும்பம் என்று சொல்லவந்தான். சட்டென்று தொண்டை தளர்ந்தது. வாய் திறந்தபடி நின்றது. கண் மட்டும் எங்கேயோ போய்விட்டு, யாரோ எழுப்பிவிட்டவன்போலத் திரும்பி வந்தது. அந்த வார்த்தையை நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவன் ஒரு கணம் கீழே பார்த்துவிட்டு, "ஒரே வீடு" என்றான் லேசாக. என் கெர்னல் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பெற்ற பிள்ளை ஊராரை அடிப்பதைப் பார்த்தவள்போல வெட்கப்பட்டேன்.

அலுவலகத்தில், சரியென்று நிரூபித்த கெர்னலைத் தொடவே கூடாது என்றார்கள். பேசத் தெரிந்தவர்களை மட்டும் வைத்து நிரூபித்தது என்ன நிரூபணம் என்று நான் போட்ட சத்தத்தில் மேலாளர் ஒரு வாரம் என் பக்கமே வரவில்லை. டாக்டரும் நெறிமுறைக் குழுவும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் கிங்ஸ்லி வீட்டிலிருந்தே சரிபார்த்தான். பிழை கிடைத்தபோதெல்லாம் அவனுக்கு அன்றைக்குக் கறிச்சோறுதான்.

சோதனை ஆஸ்பத்திரியில் நடந்தது. அடைப்பு வந்தால் உறிஞ்சி எடுக்கிற குழாயோடு டாக்டர் பக்கத்தில் நின்றார். பியூலா கோர்ட்டிலிருந்து நேராக, கறுப்புக் கோட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். குரல் பதிகிற வேலையைக் கிங்ஸ்லி முன்பே தனியாக முடித்திருந்தான்.

"கூப்பிடுங்க சார்" என்றார் டாக்டர்.

"பி..."

"ம்" என்றாள் பியூலா.

"பி... பி..."

"ம்."

கெடு கடந்துபோனது. வெட்டவில்லை. அவன் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, ஒரு கண் இடுங்கியது. நாங்களெல்லாம் பார்த்துப் பழகிய அந்தக் கோணல் முகம் எத்தனையோ வாரத்துக்குப் பிறகு திரும்பி வந்தது. பியூலாவின் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. ஆனால் விடவில்லை.

"ம்... ம்..."

"பி... பியூலா."

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இங்கதான இருக்கேன். எதுக்குக் கூப்பிட்டிய?" என்றாள்.

"சும்மா" என்றான்.

அவள் அந்தக் கோட்டோடு அப்படியே அவன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நானும் டாக்டரும் வெளியே வந்துவிட்டோம். கருவியை எடுக்கும் பேச்சை அதன்பிறகு அவன் எடுக்கவே இல்லை.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில், கைத்தடியும் கையுமாக டீக்கடைக்கு வந்தான். பியூலா காரிலிருந்து இறக்கிவிட்டுக் கோர்ட்டுக்குப் போய்விட்டாள். சுயம்பு ஓடிவந்து நாற்காலி போட்டார். அவள் இல்லாத இடத்தில் பழைய சட்டம்தான், லேசான வார்த்தையாகத்தான் பேசுவான் என்று எனக்குத் தெரியும். அதனால் என்ன, வந்தானே என்றிருந்தது.

"தி..." என்றான்.

"ம்" என்றேன், பழைய பழக்கத்தில்.

சொன்ன பிறகுதான் எனக்குத் திக்கென்றது. ஐயோ, பியூலா இல்லையே, இவன் ஏன் கஷ்டமான வார்த்தையைத் தொடுகிறான், இதோ வெட்டப் போகிறது. அந்த வெற்றுக் கண்ணை மறுபடி பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

"தி... தி..."

வெட்டவில்லை. முகம் சிவந்து கோணியது, தொண்டை தளரவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. "ம்" என்றேன் மறுபடி.

"தி... தில்லை."

ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவன் என் பெயரையும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"டேய், என் குரல் எப்படிடா உள்ள போச்சு?"

"ப... பதினேழு வருஷ மீட்டிங் பதிவு கெடக்கே. அதுல நீ என்னத் தி... திட்டாத எடம் பூரா ம் தான். பியூலாட்ட கேட்டேன். பின்ன அந்தக்காவப் போடாம யாரப் போடுவியன்னு கேட்டா."

நான் வாயைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. கிங்ஸ்லி அவசரப்படுத்தாமல் காத்திருந்தான். சுயம்பு அந்தப் பக்கம் திரும்பிப் பால் சட்டியைத் தேவையில்லாமல் கிளறினார்.

"இப்பம் கேளு" என்றான் கிங்ஸ்லி. "உன் கெ... கெர்னல்ல இன்னும் ஒரு த... த... த..."

தப்பு என்று சொல்ல வருகிறான். அது எனக்குத் தெரியாதா?

"ம்" என்றேன். சுயம்புவிடம் இன்னும் இரண்டு டீ போடச் சொல்லிக் கையைக் காட்டினேன்.